பழைய லேப்டாப்பில் ரேம் கூட்டுவது எப்படி: வாங்குவதற்கு முன் தொடங்கி சோதனை வரை

பழைய லேப்டாப்பில் ரேம் மாட்டுவது பெரும்பாலும் பத்து நிமிட வேலை. எந்த ரேமை மாட்டுவது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும் மாட்யூல் (ரேம் சிப்புகள் பதித்த சிறிய பலகை) வேலையே செய்யாமல் போகலாம். வேலை செய்தாலும் பாதி அளவு மட்டும் தெரியலாம். முழு அளவும் தெரிந்து, மெஷின் முன்பைவிட மெதுவாக ஓடும் கூத்தும் உண்டு. மூன்றுக்கும் தெளிவான காரணம் இருக்கிறது. மூன்றையும் காசு கொடுப்பதற்கு முன்பே தவிர்த்துவிடலாம்.

இங்கே பேசுவது 1983 முதல் ஏறக்குறைய 2003 வரை வந்த கையடக்க மெஷின்களைப் பற்றி. அதற்குப் பிந்தையவற்றில் இவ்வளவு வில்லங்கம் இல்லை.

முதலில் வரம்பைக் கண்டுபிடியுங்கள்

ஒரு மெஷின் எவ்வளவு ரேம் ஏற்கும் என்பதை மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: பிராசசர், சிப்செட் (பிராசசரையும் ரேமையும் இணைக்கும் சிப்புகள்), மதர்போர்டு. இவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

பிராசசரின் எல்லை எளிது. இன்டெலின் 8088 பிராசசருக்கு 20 முகவரிக் கோடுகள் (ரேமில் எந்த இடம் என்று சுட்டும் கம்பிகள்). ஆக 1 எம்பி, அதில் டாஸுக்கு (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கிடைப்பது 640 கேபி. 286-க்கும் 386எஸ்எக்ஸ்-க்கும் 24 கோடுகள், 16 எம்பி. "386தானே, 32 எம்பி போடலாம்" என்று எண்ணுபவர்கள் எஸ்எக்ஸ் என்ற இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 90-களின் தொடக்கத்தில் வந்த 386 லேப்டாப்களில் பெரும்பகுதி எஸ்எக்ஸ் ரகம்தான்.

பெண்டியம் காலத்திலிருந்து தீர்மானிப்பது சிப்செட். இன்டெல் 430எம்எக்ஸ் என்றால் 128 எம்பி, 430டிஎக்ஸ் என்றால் 256 எம்பி. பெண்டியம் 2, பெண்டியம் 3 லேப்டாப்களில் பரவலாக இருக்கும் 440பிஎக்ஸ்-க்கு, வழக்கமான இரண்டு ஸ்லாட்டில் 512 எம்பி. சிப்செட் பெயர் தெரியவில்லையா? டாஸில் ஓடும் ஏதாவது ஹார்டுவேர் தகவல் நிரலை ஃப்ளாப்பியிலிருந்து ஓட்டினால் சொல்லிவிடும்.

மதர்போர்டு எல்லை மாடலுக்கு மாடல் மாறும். ஆப்பிள் பவர்புக் 140, 145, 170 எல்லாம் 8 எம்பியோடு நின்றுவிடும். 160, 180 என்றால் 14 எம்பி. டுவோ 210, 230 என்றால் 24 எம்பி. 520, 540 வரிசைக்கு 36 எம்பி. தோஷிபா லிப்ரெட்டோ 50, 70 இரண்டும் 32 எம்பி, 100, 110 இரண்டும் 64 எம்பி.

போர்டிலேயே பற்றவைத்த ரேமைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். ஐபிஎம் திங்க்பேட் 600இ-யில் போர்டில் 32 எம்பி உண்டு. இரண்டு ஸ்லாட்டில் ஆளுக்கு 128 போட்டால் 288. திங்க்பேட் 600எக்ஸ்-இல் போர்டில் 64, ஸ்லாட்டில் இரண்டு 256; மொத்தம் 576. இந்த வழக்கத்துக்கு மாறான எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க: பூட் ஆகும்போது ஓடும் எண், பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் நிரல்) திரை, டாஸில் மெம் கட்டளை, மேக்கில் ஆப்பிள் மெனுவின் முதல் வரி. மொத்தத்திலிருந்து போர்டில் உள்ளதைக் கழித்தால் ஸ்லாட்டில் இருப்பது வந்துவிடும். கணக்கு உதைத்தால், ஏற்கெனவே மாட்டியிருக்கும் மாட்யூல் முழுதாகத் தெரியவில்லை என்று அர்த்தம். புதிது வாங்குவதற்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும்.

எவ்வளவு போதும்

எல்லை வரை நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் 3.1 ஓட்ட 8 எம்பி தாராளம். விண்டோஸ் 95-க்கு 16 எம்பியில் வண்டி ஓடும், 32 எம்பியில் நிம்மதியாக ஓடும். 98-க்கு 64, விண்டோஸ் 2000-க்கு 128 முதல் 256, எக்ஸ்பிக்கு 512. டாஸ் விளையாட்டுகள் மட்டும்தான் நோக்கம் என்றால் 4 எம்பியிலிருந்து 8 எம்பிக்குப் போவது பயன் தரும். அதற்கு மேல் காசு வீண். அப்போதும் 640 கேபிக்குள் இடம் போதவில்லை என்ற புகார் தீராது. அது ரேம் பற்றாக்குறை இல்லை, டாஸின் தொடக்க அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலைச் சீர்செய்ய வேண்டிய விஷயம்.

64 எம்பி பொறி

430எம்எக்ஸ், 430டிஎக்ஸ் சிப்செட் உள்ள பெண்டியம் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்த பிறகு முடிவெடுங்கள். இந்த இரண்டு சிப்செட்டுகளும் ரேமின் முதல் 64 எம்பியை மட்டும்தான் இரண்டாம் நிலை கேஷில் (பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலுள்ள வேகமான சிறு நினைவகம்) வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ள பகுதியைத் தொடும்போதெல்லாம் பிராசசர் நேராக மெதுவான ரேமுக்கே போக வேண்டும். விண்டோஸ் 95-உம் 98-உம் ரேமை மேல்முனையிலிருந்து கீழ்நோக்கிப் பயன்படுத்துகின்றன. அதனால் 96 எம்பி போட்டால், அன்றாட வேலை முதலில் போய் உட்காருவதே கேஷ் இல்லாத பகுதியில்தான். மெஷின் மந்தமாகும்.

ரேம் போதாமல் டிஸ்கில் எழுதி எழுதி எடுத்து (ஸ்வாப் செய்துகொண்டு) தவிப்பதைவிட கேஷ் இல்லாத ரேம் மேல் என்பதும் உண்மை. பெரிய படங்களைத் திருத்துபவருக்கு 128 எம்பி பலன் தரும். கடிதம் எழுதவும் பழைய விளையாட்டு ஆடவும் வைத்திருப்பவர் 64 எம்பியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். பெண்டியம் 2 முதல் கேஷ் பிராசசரோடு சேர்ந்துவிட்டதால் இந்தத் தொல்லை இல்லை.

மாட்யூலை அடையாளம் காணுதல்

ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 108 மி.மீ. என்றால் 72 பின் சிம் (SIMM என்ற பழைய வகை ரேம் பலகை), 89 மி.மீ. என்றால் 30 பின் சிம்; இவை பெட்டி போன்ற பெரிய கையடக்க மெஷின்களில்தான் இருக்கும். ஏறக்குறைய 60 மி.மீ. என்றால் 72 பின் எஸ்ஓ-டிம் (லேப்டாப்புக்கான சிறிய ரேம் பலகை). 486 காலத்து லேப்டாப்களில் பரவலாக இருந்தது. 67.6 மி.மீ. என்றால் 144 பின் அல்லது 200 பின் எஸ்ஓ-டிம். 200 பின்னில் டிடிஆர், டிடிஆர்2 இரண்டும் உண்டு. வெட்டு இருக்கும் இடம் ஒரு துளி தள்ளியிருக்கும், மின்னழுத்தம் 2.5-உம் 1.8-உம் ஆகும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அழுத்தித் திணிக்கக்கூடாது.

இந்த வரிசையில் சேராத ஒன்று 88 பின் டிரேம் (வழக்கமான முதன்மை ரேம் வகை) கார்டு. பார்ப்பதற்கு லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகும் பிசி கார்டு போலவே இருக்கும். அதன் முனையில் 68-க்குப் பதில் 88 துளை. திங்க்பேட் 750, 755 வரிசை இதைத்தான் கேட்கும். பழைய கார்டுகளைத் தேடும்போது 68 துளையுள்ள எஸ்ரேம் (டிரேமிலிருந்து வேறான ரேம் வகை) கார்டும் கூடவே கண்ணில் படும். அது தகவல் சேமிக்கும் டிஸ்க் மாதிரி வேலை செய்யும் பொருள்; முதன்மை ரேமைக் கூட்டாது.

மெஷினுக்கென்றே தனியாகச் செய்த கார்டுகள் இன்னொரு வகை. பவர்புக் 100, 140, 145, 170-க்கு ஒரு கார்டு, 160, 165, 180-க்கு வேறு கார்டு. 1989-இல் வந்த மெக்கின்டாஷ் போர்ட்டபிளில் எஸ்ரேம் இருக்கிறது. 1991-இல் திரைக்குப் பின் விளக்கோடு வந்த அதே போர்ட்டபிளில் சூடோ-ஸ்டாட்டிக் ரேம் இருக்கிறது. பெயரும் உருவமும் ஒன்று, கார்டுகள் மாற்றிக்கொள்ளத் தகாதவை. முந்தையதன் எல்லை 9 எம்பி, பிந்தையதன் எல்லை 8 எம்பி. இப்படிப்பட்ட மெஷினுக்கு கார்டு தேடும்போது விற்பவர் எழுதியிருக்கும் மாடல் பெயரை நம்பாமல், கார்டின் பார்ட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

சிப்பின் மேலே உள்ள எழுத்து சொல்வது

ஸ்டிக்கர் பொய் சொல்லும், சிப் சொல்லாது. ஒரு நல்ல லென்ஸும் சாய்வான வெளிச்சமும் இருந்தால் போதும்.

முதலில் 72 பின் எஸ்ஓ-டிம். இதில் இரண்டு கேள்விகள்: 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா, எஃப்பிஎம்-மா ஈடிஓ-வா (இரண்டும் டிரேம் வகைகள், ஈடிஓ பிந்தையது). சாம்சங் சிப் கேஎம்416சி1204 என்று இருந்தால் நடுவிலுள்ள சி எழுத்து 5 வோல்ட் என்று பொருள்; அந்த இடத்தில் வி இருந்தால் 3.3 வோல்ட். கடைசி இலக்கம் 4 என்றால் ஈடிஓ, 0 என்றால் எஃப்பிஎம். மைக்ரான் சிப்பில் எம்டி4சி என்று தொடங்கினால் 5 வோல்ட், எம்டி4எல்சி என்றால் 3.3 வோல்ட். 3.3 வோல்ட் மாட்யூலை 5 வோல்ட் மெஷினில் போட்டால் சிப் போய்விடும், சில நேரம் போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். ஈடிஓ கேட்கும் மெஷின் எஃப்பிஎம்-ஐப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். எஃப்பிஎம் மட்டும் தெரிந்த மெஷினில் ஈடிஓ ஓடும் என்று எண்ணி வாங்காதீர்கள். வேகம் எண்ணின் கடைசியில் இருக்கும்: 6 அல்லது 60 என்றால் 60 நானோ செகண்ட், 7 என்றால் 70. வேகமானதை மெதுவானதன் இடத்தில் போடலாம், தலைகீழாக அல்ல.

அடுத்து 144 பின். இங்கே குழப்பம் இன்னும் மோசம்: ஈடிஓ-வும் அதற்கு அடுத்த தலைமுறை டிரேமான எஸ்டிரேமும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். மைக்ரான் சிப் என்றால் எம்டி4எல்சி ஈடிஓ, எம்டி48எல்சி எஸ்டிரேம். ஒரே ஒரு 8 வித்தியாசம். ஸ்டிக்கரில் 60 என்எஸ் என்றிருந்தால் ஈடிஓ. பிசி66, பிசி100, பிசி133 என்றிருந்தால் எஸ்டிரேம். 430எம்எக்ஸ் மெஷினுக்கு ஈடிஓ மட்டும்தான். 430டிஎக்ஸ் இரண்டையும் அறியும். ஆனாலும் ஒரே மெஷினில் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது. பிசி133 மாட்யூல் பிசி66 மெஷினில் பொதுவாக மெதுவாக இறங்கி ஓடும், வேகத்தால் பிரச்சினை வராது. பிரச்சினை அடர்த்தியில், அதாவது ஒரு சிப்புக்குள் எவ்வளவு அடங்குகிறது என்பதில் வரும்.

256 எம்பி போட்டால் 128 தெரிவது ஏன்

440பிஎக்ஸ் சிப்செட் 128 மெகாபிட் (8 மெகாபிட் சேர்ந்தால் 1 எம்பி) வரையுள்ள சிப்புகளைத்தான் முழுதாகப் பேசும். 256 மெகாபிட் எஸ்டிரேம் சிப்பின் வரிசை முகவரிக்கு 13 கோடுகள் வேண்டும். 440பிஎக்ஸ் அதற்குத் தருவது 12. விட்டுப்போன அந்த ஒரு கோடு சிப்பின் பாதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே சிப்பின் ஒரு பாதி யாரும் போகாத இடமாகிவிடும். 256 எம்பி மாட்யூல் 128 எம்பியாகத் தெரியும், சில பயாஸில் மெஷின் பூட்டே ஆகாது. மாட்யூல் பழுதில்லை, புதிய மெஷினில் போட்டால் 256 என்றே காட்டும். இதனால்தான் விற்றவரும் வாங்கியவரும் மாறிமாறி ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. சிப்புகளை எண்ணுங்கள். 440பிஎக்ஸ்-க்குத் தகுந்த 256 எம்பி மாட்யூலில், இரு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கும். 8 சிப் மட்டும் இருந்தால் அது அடர்த்தி கூடியது. இந்த மெஷினுக்கு ஆகாது. 8 சிப் உள்ள 128 எம்பி மாட்யூல் சரியானது, 4 சிப் உள்ள 128 எம்பி மாட்யூல் ஆகாதது. சாம்சங் எண் என்றால் கே4எஸ்28 என்று தொடங்குவது 128 மெகாபிட், கே4எஸ்56 என்று தொடங்குவது 256 மெகாபிட். மைக்ரானில் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 16எம்8 என்றால் 16 பெருக்கல் 8, அதாவது 128, 32எம்8 என்றால் 256.

திங்க்பேட் டி20 வரிசையும் இதே சிப்செட்தான். அங்கேயும் 16 சிப் மாட்யூல் இரண்டு போட்டால் 512 எம்பி வரும். படத்தில் ஒரு பக்கம் மட்டும் காட்டி விற்கிறார்கள் என்றால் மறுபக்கப் படத்தையும் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

வேலைக்கு வேண்டியவை

சின்ன பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், பவர்புக் 100 வரிசைக்கு டார்க்ஸ் டி8, டி10, மூடியை நெம்ப பிளாஸ்டிக் பட்டை, 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, ஸ்க்ரூ வைக்க ஒரு முட்டை அட்டை. நிலைமின் பட்டை இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாட்யூலைத் தொடும் முன் பூமியோடு இணைந்த உலோகம் எதையாவது தொட்டு, கம்பளம் இல்லாத தரையில் நின்று வேலை செய்யுங்கள்.

மாட்டும் முறை

1. உள்ளே இருக்கும் தகவல்களை நகலெடுங்கள். பயாஸ் அமைப்புகளைத் திரையோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வகையைக் கையால் பதிவுசெய்யும் காலத்து மெஷின் என்றால் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் மிக முக்கியம்.

2. மெஷினை முழுதாக அணையுங்கள். ஸஸ்பெண்ட் நிலை கூடாது. அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, இரண்டு நிமிடம் விடுங்கள். ஸஸ்பெண்டில் இருக்கும் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அந்த நிலையில் மாட்யூலை இழுத்தால் கேடு.

3. மூடி எங்கே என்று பாருங்கள். திங்க்பேட் 600-இல் அடிப்பக்கம். பவர்புக் ஜி3 வரிசையில் கீபோர்டுக்குக் கீழே, பிராசசர் கார்டில். ஒரு ஸ்லாட் கார்டின் மேற்பக்கம், மற்றது அடிப்பக்கம். அடியிலுள்ளதை எட்ட கார்டையே தூக்க வேண்டும். கீபோர்டைத் தூக்கும்போது ஒரேயடியாக இழுக்காதீர்கள், ரிப்பன் கேபிள் கிழிந்துவிடும். மெக்கின்டாஷ் போர்ட்டபிளில் ஸ்க்ரூவே கிடையாது, பின்பக்கம் இரண்டு தாழ்களை அழுத்தினால் மூடி வந்துவிடும்.

4. திறந்ததும் மாட்டத் தொடங்காமல் போர்டைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. மீன் வாடை அடித்தால் கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது. ரேம் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கசிவு அரித்த தடத்தில் எந்த ரேமும் நிலையாக ஓடாது.

5. பழைய மாட்யூலை எடுக்க, இருபுறமும் உள்ள உலோகக் கொக்கிகளை இரண்டு கட்டைவிரல் நகத்தால் ஒரே சமயத்தில் வெளிப்பக்கம் தள்ளுங்கள். மாட்யூல் தானாக எழும்பும். ஒரு கொக்கியை மட்டும் தள்ளி நெம்பினால் கொக்கி முறியும். ஸ்லாட்டின் கொக்கி பிளாஸ்டிக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்குக்கு இப்போது வயது 30.

6. தங்கப் பற்களை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். ரப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு; தேய்த்தால் துகள்களை ஸ்லாட்டுக்கு வெளியே தட்டிவிட்டு மறுபடி ஆல்கஹாலில் துடையுங்கள்.

7. வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். வெளியே தெரியும் தங்கப் பட்டை ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரு முனையிலும் அது ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு கொக்கியும் 'டிக்' என்று பூட்டும். அழுத்தும்போது எதிர்த்தால் சாய்வு நிலையில் முழுதாக உள்ளே போகவில்லை. எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

8. மூடியைப் பூட்டும் முன் ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். பவர்புக் 100 வரிசையில் ஸ்க்ரூ ஏறும் பிளாஸ்டிக் தூண்கள் எளிதில் உடையும். எத்தனை முறை குறைவாகத் திறந்து மூடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. அங்கே ஸ்க்ரூவை இறுக்கமாகத் திருகுவதும் தவறு.

ஆன் செய்ததும்

ஐபிஎம் மெஷினில் 164 என்று ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம்; நினைவக அளவு மாறியிருக்கிறது என்று சொல்கிறது. எஃப்1 அழுத்தி அமைப்புத் திரைக்குள் போய் வெளியே வந்து மறுபடி பூட் செய்தால் போய்விடும். 161 வந்தால் பயாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. 201 என்றால் உண்மையிலேயே ரேம் பழுது, அல்லது தொடர்பு சரியில்லை.

திரை கறுப்பாக இருந்து பீப் மட்டும் கேட்டால், புதிய மாட்யூலை எடுத்துவிட்டு பழையதைப் போட்டுப் பாருங்கள். மெஷின் எழுந்தால் மாட்யூலின் வகை தப்பு அல்லது அது பழுது. பழையதிலும் எழாவிட்டால் பெரும்பாலும் ஸ்லாட் தொடர்புதான். துடைத்து மறுபடி மாட்டுங்கள். இரண்டு மாட்யூல் தனித்தனியாக ஓடி, சேர்ந்தால் ஓடவில்லை என்றால் ஸ்லாட்டுகளை இடம் மாற்றிப் பாருங்கள். சில மெஷின்கள் பெரிய அளவு முதல் ஸ்லாட்டில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

முழு அளவு தெரிந்துவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. பூட்டின்போது ஓடும் எண்ணிக்கை உண்மையான சோதனை அல்ல. ரேமைச் சோதிக்கும் நிரலான மெம்டெஸ்ட்86-இன் பழைய பதிப்பு ஒரே ஃப்ளாப்பியில் அடங்கும், 386-இலிருந்து ஓடும். பெண்டியத்தில் ஒரு முழுச் சுற்று முடிய விடுங்கள், 486 என்றால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த மாட்யூல் வேண்டாம். பிழை எப்போதும் ஒரே முகவரியில் வந்தால் சிப் பழுது. ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறினால் தொடர்பையோ மின்சாரத்தையோ சந்தேகியுங்கள். 286-இல் மெம்டெஸ்ட் ஓடாது, எம்எஸ்-டாஸ் 6.2-இலிருந்து அதன் நினைவக நிரலான ஹைமெம்.சிஸ் பூட்டின்போது தானே ஒரு சோதனை செய்யும், மேலோட்டமானதுதான் என்றாலும் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

ரேம் கார்டு என்றாலும் டிரேம் இல்லாதவை

80-களின் மெஷின்களில் கதையே வேறு. டிஆர்எஸ்-80 மாடல் 100, 1983-இல் 8 கேபியோடு வந்தது. உள்ளே காலியான சாக்கெட்டுகளில் 8 கேபி மாட்யூல்களைச் சேர்த்து 32 கேபி வரை போகலாம். அந்த மாட்யூல் மாடல் 100-க்கென்றே செய்தது, சாதாரண 8 கேபி எஸ்ரேம் சிப்பின் கால் வரிசை அதற்குப் பொருந்தாது. அடுத்து வந்த டேண்டி 102-இல் காலியான சாக்கெட்டுக்கு சாதாரண 6264 வகை சிப் போதும். டேண்டி 200-இல் 24 கேபியாக மூன்று வங்கி, மொத்தம் 72 கேபி. ஆனால் மூன்றும் தனித்தனி அறை, ஒரே பெரிய இடமாகச் சேராது.

மாடல் 100-ஐத் திறக்கும் முன், அடியில் இருக்கும் மெமரி பவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அணைத்தால் ஃபைல்கள் எல்லாம் போய்விடும், முன்கூட்டியே நகலெடுத்திருக்க வேண்டும். நான்கு ஸ்க்ரூ கழற்றினால் இரண்டு பாதியாகும், நடுவில் கேபிள் இணைத்திருக்கும், புத்தகம் போலத் திறக்க வேண்டும். சாக்கெட்டுகளை வரிசையாக நிரப்புங்கள். நடுவில் ஒன்றை விட்டு அடுத்ததில் போட்டால் மெஷின் அதுவரைதான் எண்ணும். மாட்டியபின் கன்ட்ரோலையும் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு பின்பக்க ரீசெட்டை அழுத்தவும். மெனுவின் அடியில் 29638 பைட் என்று வந்தால் 32 கேபியும் ஏறிவிட்டது. 21446 என்று வந்தால் ஒரு மாட்யூல் தெரியவில்லை.

இங்கே ஒரு விலை உண்டு. எஸ்ரேம் அணைத்த பிறகும் போர்டில் உள்ள நிக்கல்-காட்மியம் பேட்டரியிலிருந்து உயிர் பிடித்துக்கொண்டிருக்கும். 8 கேபி இருந்தால் சுமார் 30 நாள் தாங்கும், 32 கேபி என்றால் சுமார் 8 நாள். திறந்த கையோடு அந்தப் பேட்டரியையும் பாருங்கள். அசல் பேட்டரி இன்னும் இருந்தால் கசிந்திருக்கும் அல்லது கசியப்போகிறது. அதே 3.6 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியைப் பற்றவைத்துவிடுங்கள்.

தோஷிபா டி1000-க்கு 768 கேபி கார்டு இருந்தது. மெஷினில் 512 கேபி. கார்டிலிருந்து 128 கேபி போய் 640-ஐ நிரப்பும், மீதமுள்ள 640 கேபியை ஈஎம்எஸ் நினைவகமாகவோ (640 கேபிக்கு வெளியே டாஸ் நிரல்கள் பயன்படுத்தும் இடம்) ரேம் டிஸ்க்காகவோ (ரேமையே டிஸ்க் போல நடத்துவது) வைத்துக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் இல்லாத மெஷின் என்பதால் ரேம் டிஸ்க்குக்கே என் ஓட்டு.

மாட்டிய பிறகு மாற்ற வேண்டிய அமைப்புகள்

பலர் மறப்பது ஹைபர்னேஷன். மெஷினை அணைக்கும்போது ரேமை அப்படியே டிஸ்கில் எழுதும் வசதி அது. ரேம் கூடினால் எழுதும் இடமும் கூட வேண்டும். ரேமும் வீடியோ நினைவகமும் சேர்ந்த அளவுக்கு மேல் சற்று இருக்க வேண்டும். திங்க்பேடில் பழைய ஹைபர்னேஷன் ஃபைலை அழித்துவிட்டு டாஸில் பிஎஸ்2 நிரலின் எச்ஃபைல் கட்டளையால் புதிதாக உருவாக்குங்கள். ஃபீனிக்ஸ் பயாஸ் உள்ள பல லேப்டாப்களில் இதற்கு பிஎச்டிஸ்க் நிரல். லிப்ரெட்டோ வைத்திருப்பவர்கள் மிக மிக ஜாக்கிரதை: அதன் பயாஸ் டிஸ்கின் கடைசிப் பகுதியில் நேராக எழுதும், அங்கே பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. பார்ட்டிஷனை டிஸ்கின் முனை வரை நீட்டி வைத்திருந்தால், முதல் ஹைபர்னேஷனில் ஃபைல்கள் போய்விடும்.

எம்எஸ்-டாஸ் 6.22-இன் ஹைமெம்.சிஸ் 64 எம்பிக்கு மேல் பார்க்காது. 128 போட்டும் 64 காட்டினால் ரேமைக் குறை சொல்லாதீர்கள்.

மேக் பவர்புக் 160, 180 போன்றவற்றில் 14 எம்பி போட்ட பிறகு, சிஸ்டம் 7-இன் மெமரி கன்ட்ரோல் பேனலில் 32 பிட் முகவரியை ஆன் செய்து மறுபடி பூட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 8 எம்பிக்கு மேலுள்ளதெல்லாம் சிஸ்டம் சாஃப்ட்வேர் தின்றுவிட்டதாகக் காட்டும். நிரல்களுக்கு ஒரு பைட்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

விண்டோஸ் 98-இல் 512 எம்பிக்கு மேல் போனால், போதிய நினைவகம் இல்லை என்று விண்டோஸே புலம்பும். ரேம் கூடக்கூட அதன் டிஸ்க் கேஷ் முகவரிகளை விழுங்கிவிடுவதுதான் காரணம். சிஸ்டம்.இனி ஃபைலில் விகேஷ் பகுதியின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் என்று ஒரு வரி சேர்த்து, 262144 என்று மதிப்பு கொடுங்கள். அது கிலோபைட் கணக்கு, அதாவது 256 எம்பி. திங்க்பேட் 600எக்ஸ்-ஐ 576 எம்பிக்கு நிரப்பி விண்டோஸ் 98 போடுபவர்கள் இந்த வரியை ரேம் மாட்டுவதற்கு முன்பே எழுதிவைப்பது நல்லது. மாட்டிய பிறகு விண்டோஸுக்குள் நுழைய முடியாமல் போனால், டாஸ் ஃப்ளாப்பியிலிருந்து பூட் செய்து எடிட் நிரலில்தான் திருத்த வேண்டியிருக்கும்.